மலிவு பிரிண்டர் மலிவுதானா?

வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்!

நாமக்கல்லை அடுத்த ஒரு கிராமம். இரவு மணி 9. மறுநாள் காலையில் மகளுக்குத் தேர்வு.

ஹால் டிக்கெட் செல்போனில் இருக்கிறது. காகிதத்தில் இல்லை! கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டார்கள். அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு ஓடுகிறார். அம்மா வாசலிலேயே நிற்கிறாள். மகளுக்குப் படிப்பு ஓடவில்லை. அழுகைதான் வருகிறது.

இப்படி ஓர் இரவு எந்த வீட்டுக்கும் வரலாம். அந்த இரவு முடிந்ததும் அந்த வீட்டில் ஒரு முடிவு பிறக்கும்.

"என்னங்க, நாமளே ஒரு பிரிண்டர் வாங்கிப் போட்டுடலாமுங்க!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சேலம் கடைவீதியில் நிற்பார்.

"வாங்கண்ணா! 3,500 ரூபாய்தானுங்க. கலரும் வரும், போட்டோவும் வரும்!"

"மை எத்தனை நாளைக்கு வருமுங்க?"

"அது நீங்க அடிக்கிறதைப் பொறுத்ததுங்கண்ணா!"

அந்தக் கடைசிப் பதிலில்தான் சூட்சுமம் இருக்கிறது. எந்திரத்தின் விலை ஒரு முறை கொடுப்பது. மையின் விலை ஆயுள் முழுவதும் கொடுப்பது. இதை மறந்து வாங்குகிறவர் பின்னால் வருந்துவார்.

நியாயமான ஆசை

வீட்டில் பிரிண்டர் வேண்டும் என்பது ஆடம்பர ஆசை அல்ல. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் காகிதம் இல்லாமல் எந்தத் தொழிலும் நடப்பதில்லை.

லாரித் தொழிலைப் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போனால் இ-வே பில் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. பில்லின் நகல் அல்லது எண் டிரைவரிடம் இருக்க வேண்டும். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி ஆபீசுகளில் பிரிண்டர் ஓயாமல் ஓடுவது இதனால்தான்.

படிப்பைப் பாருங்கள். "நீட்" தேர்வுக்கு அண்மை ஆண்டுகளில் அனுமதிச் சீட்டை அச்சடித்துக் கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதோடு போஸ்ட்கார்டு அளவில், அதாவது 4-க்கு 6 அங்குலத்தில், வண்ணப் படம் ஒன்றையும் ஒட்ட வேண்டும். காகிதமும் வேண்டும், போட்டோவும் வேண்டும்!

விவசாயிக்குப் பட்டா, சிட்டா நகல். மாணவனுக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று. கோழிப்பண்ணைக்காரருக்கும் தறிக்காரருக்கும் பில். சின்னக் குழந்தைக்குக்கூட "பிராஜெக்ட்" என்ற பெயரில் மயில் படமும் மாங்கனிப் படமும்!

ஆகவே, ஆசை நியாயமானது. ஆனால், எதை வாங்குவது? யார் வாங்குவது? அதுதான் கேள்வி.

ஊசி முனையில் பிறந்தது

இங்க்ஜெட் பிரிண்டர் என்றால் மையைப் பீய்ச்சி அடிக்கும் எந்திரம். அது பிறந்த கதை சுவையானது.

1977-ம் ஆண்டு. ஜப்பானில் கேனன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். இச்சிரோ எண்டோ என்ற ஆராய்ச்சியாளர் வேலையில் இருந்தார். பற்றவைக்கும் சூட்டுக்கோல் ஒன்று, மை நிரப்பிய ஊசியின்மேல் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை பீய்ச்சி அடித்தது!

சூடு பட்டதும் மையில் குமிழி உண்டாகிறது. அந்தக் குமிழி மையை வெளியே தள்ளுகிறது. இதுதான் தத்துவம். இந்த வழியில் கேனன் கம்பெனி 1985-ல் முதல் பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்காவின் எச்.பி. கம்பெனியும் தனியே ஆராய்ந்து இதே வழியைக் கண்டது. அதன் "திங்க்ஜெட்" 1984-ல் வெளிவந்தது.

எப்சன் கம்பெனி வேறு வழியில் போனது. அதில் சூடு கிடையாது. மின்சாரம் பட்டால் நெளியும் ஒரு படிகம் மையை அழுத்தித் தள்ளுகிறது.

எந்த வழியானாலும் மை வெளிவரும் துளை தலைமுடியைவிட மெல்லியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இரண்டு வகை

கடையில் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டர்கள் இரண்டு வகை.

ஒன்று, கார்ட்ரிட்ஜ் வகை. சின்ன டப்பாவில் மை இருக்கும். தீர்ந்தால் டப்பாவையே மாற்ற வேண்டும். எந்திரத்தின் விலை குறைவு. மையின் விலை அதிகம். சாதாரணக் கறுப்புக் கார்ட்ரிட்ஜ் பல மாடல்களில் 100 முதல் 200 பக்கம் வரைதான் வரும்.

இரண்டு, டேங்க் வகை. எந்திரத்தின் ஓரத்தில் மைத் தொட்டிகள் இருக்கும். புட்டியில் மை வாங்கி ஊற்ற வேண்டும். எந்திரத்தின் விலை அதிகம். மையின் விலை குறைவு. ஒரு கறுப்புப் புட்டி 4,000 முதல் 6,000 பக்கம் வரை வரும் என்று கம்பெனிகள் சொல்கின்றன.

டேங்க் வகை எப்படி வந்தது? அதற்கும் ஒரு கதை உண்டு.

கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாத மக்கள் சும்மா இருக்கவில்லை. நம் ஊர்களில் மருந்து ஊசியால் கார்ட்ரிட்ஜில் மை ஏற்றினார்கள். இந்தோனேசியாவில் கார்ட்ரிட்ஜில் குழாய் செருகி, வெளியே பெரிய மைப் புட்டிகளை வைத்தார்கள். கம்பெனி பார்த்தது. மக்கள் செய்வதை நாமே செய்துவிடலாமே என்று நினைத்தது. எப்சன் கம்பெனி 2010-ல் தன் முதல் டேங்க் பிரிண்டரை இந்தோனேசியாவில்தான் விற்பனைக்கு விட்டது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன.

சிக்கனக்காரன் செய்த குறும்பு, கம்பெனியையே மாற்றிவிட்டது!

கார்ட்ரிட்ஜில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சில எந்திரங்கள் வேறு கம்பெனி டப்பாவைப் போட்டால் வேலை செய்ய மறுத்துவிடும். இதை வாங்குவோருக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று இத்தாலியில் எச்.பி. கம்பெனிக்கு 2020 டிசம்பரில் 1 கோடி யூரோ அபராதம் போட்டார்கள். பணக்கார நாட்டிலேயே இந்தப் பாடு!

கணக்குப் போடுங்கள்

இப்போது ஒரு கணக்கு. விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே, ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் 3,500 ரூபாய். ஒரு கறுப்பு டப்பா 900 ரூபாய். அது 150 பக்கம் வரும். ஒரு பக்கத்துக்கு மைச் செலவு 6 ரூபாய்.

டேங்க் பிரிண்டர் 12,500 ரூபாய். ஒரு கறுப்புப் புட்டி 500 ரூபாய். அது 5,000 பக்கம் வரும். ஒரு பக்கத்துக்கு மைச் செலவு 10 பைசா!

காகிதம் இரண்டுக்கும் பொது. 500 தாள் கொண்ட கட்டு 300 ரூபாய் என்றால், ஒரு தாள் 60 பைசா.

மாதம் 100 பக்கம் அடிக்கும் வீடு. மூன்று ஆண்டில் 3,600 பக்கம்.

கார்ட்ரிட்ஜ் எந்திரத்தில் மைக்கு மட்டும் 21,600 ரூபாய் ஆகும். எந்திர விலையும் சேர்ந்தால் 25,100 ரூபாய்.

டேங்க் எந்திரத்தில் மைக்கு 360 ரூபாய். எந்திர விலையும் சேர்ந்தால் 12,860 ரூபாய்.

வித்தியாசம் 12,240 ரூபாய்! 3,500 ரூபாய்க்கு வாங்கியவர், 12,500 ரூபாய்க்கு வாங்கியவரைவிட இரண்டு மடங்கு செலவு செய்திருக்கிறார்.

மலிவு எந்திரம் மலிவு அல்ல. இது முதல் தீர்ப்பு.

கடை மூன்றாவது கட்சி

ஆனால், டேங்க் எந்திரத்தை உடனே ஓடிப்போய் வாங்கிவிடலாமா? கூடாது! இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது.

ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கத்துக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே 3,600 பக்கத்தைக் கடையில் அடித்தால் 10,800 ரூபாய். வீட்டு டேங்க் எந்திரத்தில் காகிதச் செலவு 2,160 ரூபாயையும் சேர்த்தால் 15,020 ரூபாய்.

பார்த்தீர்களா? மாதம் 100 பக்கம் அடிக்கும் வீட்டுக்குக்கூட, மூன்று ஆண்டுக்குள் கடைதான் மலிவு!

எப்போது வீட்டு எந்திரம் வெல்லும்? வீட்டில் ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவு 70 பைசா. கடையில் 3 ரூபாய். ஒரு பக்கத்தில் மிச்சம் 2 ரூபாய் 30 பைசா. 12,500 ரூபாய் மிச்சம் பிடிக்கச் சுமார் 5,400 பக்கம் அடிக்க வேண்டும். மூன்று ஆண்டில் அடிப்பது என்றால் மாதம் 150 பக்கம்.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மாதம் 150 பக்கம்!

லாரி ஆபீசு, கோழிப்பண்ணை ஆபீசு, டியூஷன் நடத்தும் வீடு, மூன்று பிள்ளைகள் படிக்கும் வீடு ஆகியவை 150-ஐத் தாண்டும். அவர்கள் டேங்க் பிரிண்டர் வாங்கலாம். தாராளமாக வாங்கலாம்.

மாதம் 10 பக்கம், 20 பக்கம் அடிக்கும் வீட்டுக்குச் சொந்தப் பிரிண்டர் வேண்டாம். கடையே போதும். 10 பக்கம் அடிக்கும் வீட்டுக்கு ஓர் ஆண்டுச் செலவே 360 ரூபாய்தான்!

"கடைக்குப் போய்வரும் நேரம் கணக்கில் இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால், நேரம் இலவசம் அல்ல! அரை நாள் தறியை நிறுத்திவிட்டு ஒரு தாளுக்காகப் போனால், அந்தத் தாளின் விலை 3 ரூபாய் அல்ல. அரை நாள் கூலி! கடை எட்டாத ஊரில் இருப்பவர்கள் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கடைசியில் பார்ப்போம்.

வெயிலும் மையும்

சேலத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் 100 டிகிரியைத் தாண்டும். ஈரப்பசை இல்லாத காற்று. அதோடு புழுதி.

தலைமுடியைவிட மெல்லிய துளை என்று பார்த்தோம் அல்லவா? எந்திரம் சும்மா கிடந்தால் அந்தத் துளையில் மை காய்ந்துவிடும். அடைத்துக்கொள்ளும். அச்சில் வெள்ளைக் கோடு விழும். நீலம் வராது, அல்லது மஞ்சள் வராது.

அடைப்பை எடுக்க எந்திரத்திலேயே சுத்தம் செய்யும் ஏற்பாடு உண்டு. ஆனால், அது மையைக் குடிக்கும். குடித்த மை அடியில் உள்ள பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிரம்பினால் எந்திரம் நின்றுவிடும். ஆகவே, ஒரு முறை, இரண்டு முறை சுத்தம் செய்து பாருங்கள். சரியாகவில்லையானால் ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். ஒரே மூச்சில் பத்து முறை செய்யாதீர்கள்.

இன்னொரு தவறு எல்லா வீட்டிலும் நடக்கிறது. சுவர் சுவிட்சைத் தட்டி எந்திரத்தை நிறுத்துவது! அது கூடாது. எந்திரத்தில் உள்ள பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். அப்போதுதான் மைத் தலை தன் இடத்துக்குப் போய் மூடியைப் போட்டுக்கொள்ளும். அதன் பிறகு சுவர் சுவிட்சை அணைக்கலாம்.

வாரம் ஒரு முறையாவது ஒரு வண்ணப் பக்கம் அடியுங்கள். எந்திரத்தின்மேல் ஒரு துணியைப் போட்டு வையுங்கள்.

"இறைத்த கிணறு ஊறும்" என்பார்கள். இங்க்ஜெட் பிரிண்டரும் அப்படித்தான். ஓடினால் உழைக்கும். கிடந்தால் கெடும்.

தண்ணீர்ச் சோதனை

மையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, தண்ணீரில் கரைந்த சாயம். மற்றொன்று, கரையாத நுண்பொடி கலந்தது. கடைக்காரர்கள் முன்னதை "டை" என்றும், பின்னதை "பிக்மெண்ட்" என்றும் சொல்வார்கள்.

சாய மை போட்டோவில் பளபளக்கும். ஆனால், ஒரு துளி தண்ணீர் பட்டால் எழுத்து கரைந்து ஓடும். பொடி மை அப்படி ஓடாது. வெளிச்சத்திலும் சீக்கிரம் மங்காது.

லாரி டிரைவரின் சட்டைப் பையில் வியர்வை. பள்ளிப் பிள்ளையின் பையில் தண்ணீர்ப் புட்டி. வயலுக்குப் போகிறவர் மடியில் மழை. இவர்கள் கொண்டுபோகும் காகிதம் கரையலாமா?

ஆகவே, பத்திரங்களுக்காக வாங்குகிறவர்கள் கறுப்பு மை "பிக்மெண்ட்" ஆக உள்ள மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். கேனன், எச்.பி., பிரதர் கம்பெனிகளின் பல டேங்க் மாடல்களில் கறுப்பு பொடி மை, மற்ற மூன்றும் சாய மை. எப்சனில் சில மாடல்களில் நான்குமே சாய மை, வேறு சிலவற்றில் கறுப்பு மட்டும் பொடி மை.

பேச்சை நம்ப வேண்டாம். கடையிலேயே ஒரு பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஒரு துளி தண்ணீரை விட்டுப் பாருங்கள். எழுத்து நின்றால் வாங்குங்கள்.

இ-சேவை வழியே வரும் சான்றிதழ் அழிந்தால் மறுபடி அச்சடித்துக் கொள்ளலாம். ஆனால், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அழிந்தால்? கையெழுத்துப் போட்டவரை எங்கே தேடுவது? இங்கேதான் மையின் குணம் குடும்பத்தின் சொத்தைக் காக்கிறது.

படம் ஆசை

வண்ணம் சேலத்துக்குப் புதிது அல்ல. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. அது வெளிவந்த ஆண்டு 1956. அந்த ஊர்க்காரர்களுக்கு வண்ண ஆசை இருப்பதில் வியப்பு இல்லை!

ஆனால், போட்டோவுக்காகப் பிரிண்டர் வாங்கலாமா? பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம்.

சாதாரண பிரிண்டரில் நான்கு மை. கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள். பத்திரத்துக்கு அது போதும். முகத்தின் நிறமும் பட்டுச் சேலையின் நிறமும் இயற்கையாக வர ஆறு மை உள்ள எந்திரம் நல்லது. எப்சன் எல்8050, கேனன் ஜி570 ஆகியவை அந்த வகை. அவை விலை கூடியவை. ஸ்டூடியோ வைத்திருப்பவருக்குச் சரி. வீட்டுக்கு ஏன்?

மை மட்டும் அல்ல, காகிதமும் செலவு. போட்டோவுக்குத் தடித்த பளபளப்புத் தாள் வேண்டும். கம்பெனி சொல்லும் "5,000 பக்கம்" என்பது எழுத்துப் பக்கம். தாள் முழுவதும் படம் அடித்தால் மை பல மடங்கு குடிக்கும்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அடித்தால் மங்கலாக இருக்கும். குற்றம் பிரிண்டரில் இல்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1,200-க்கு 1,800 புள்ளிகள் இருந்தால் தெளிவாக வரும். படத்தை "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும்.

பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டும் வீட்டில் அடிக்கலாம். 35-க்கு 45 மில்லிமீட்டர் படம், 4-க்கு 6 அங்குலத் தாளில் 8 அடங்கும். பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு இது லாபம்தான்.

கல்யாணப் படத்தை, இறந்துபோன தாத்தாவின் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து அடியுங்கள். சுவரில் தொங்கும் படம் பேரன் காலம் வரை நிற்க வேண்டாமா? வீட்டில் சாய மையில் அடித்த படம் வெளிச்சத்தில் நாளடைவில் வெளுத்துவிடும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, வை-பை உண்டா? பல வீடுகளில் கம்ப்யூட்டர் கிடையாது, செல்போன்தான். வை-பை இல்லாத எந்திரத்துக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். செல்போனிலிருந்து நேரே அடிக்க வை-பை வேண்டும். மாடல் எண்ணில் சின்ன வித்தியாசம்தான் இருக்கும். எப்சன் எல்3210-ல் வை-பை இல்லை, எல்3250-ல் உண்டு. பிரதர் டி220-ல் இல்லை, டி420-ல் உண்டு. பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, நகல் எடுக்கும் வசதி உண்டா? சற்று விலை கூடினாலும் அதுதான் நல்லது. ஆதார் அட்டை நகலுக்கு அலைய வேண்டாம்.

மூன்றாவது, ரிப்பேர் கடை எங்கே? சேலத்தில் இருக்கிறதா, கோவைக்கு அனுப்ப வேண்டுமா? வாங்கும் முன் விசாரியுங்கள்.

நான்காவது, உத்தரவாதம் எத்தனை நாள்? சில கம்பெனிகள் "ஓர் ஆண்டு அல்லது இத்தனை பக்கம், எது முந்தியோ அது" என்று எழுதியிருப்பார்கள். நிறைய அடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது, பில்! பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். பொருளில் குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஆனால், பில் வேண்டும்!

போலி மை வாங்காதீர்கள். டேங்க் எந்திரத்தில் அசல் மையே பக்கத்துக்குச் சில பைசாதான். அதில் மிச்சம் பிடிக்கப் போய் 12,500 ரூபாய் எந்திரத்தை அடைத்துக்கொள்வது புத்திசாலித்தனமா?

வண்ணமே வேண்டாம், கறுப்பு எழுத்து மட்டும் போதும், ஆனால் நாள்கணக்கில் சும்மா கிடக்கும் என்றால்? அப்போது லேசர் பிரிண்டர் பாருங்கள். அதில் மைத்தூள். காயாது, அடைக்காது. ஆனால், அது தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டுகிறது. அடிக்கும்போது பல நூறு வாட் மின்சாரம் இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. இங்க்ஜெட்டுக்கு ஒரு சின்ன பல்புக்கு ஆகும் மின்சாரம் போதும்.

பத்து வீட்டுக்கு ஒன்று

இப்போது, கடை எட்டாத ஊரின் கேள்விக்கு வருவோம்.

ஒரு வீடு மாதம் 20 பக்கம் அடிக்கிறது. தனியே வாங்கினால் நஷ்டம். எந்திரம் சும்மா கிடந்து காய்ந்தும் போகும். ஆனால், பத்து வீடு சேர்ந்தால் மாதம் 200 பக்கம்! 150-ஐத் தாண்டிவிட்டது. எந்திரம் தினமும் ஓடும். மை காயாது.

பத்து வீடும் ஆளுக்கு 1,250 ரூபாய் போட்டால் டேங்க் பிரிண்டர் வந்துவிடும். பக்கத்துக்கு 3 ரூபாய் வசூலித்தால் மாதம் 600 ரூபாய். மைக்கும் காகிதத்துக்கும் 140 ரூபாய் போக, 460 ரூபாய் மிச்சம். 28 மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும்!

"பத்துப் பேர் சேர்ந்தால் சண்டைதான் வரும்" என்று சிலர் சொல்வார்கள். வரலாம். ஆனால், இந்த மாவட்டத்துப் பெண்களுக்குக் கூட்டாகப் பணம் போட்டு, நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுவது புதிது அல்ல. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் பக்கத்துத் தருமபுரியில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அன்றைய சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். அதற்கு முன்பிருந்தே நடக்கும் பழக்கம்! மாட்டுக் கடனுக்கும் தையல் எந்திரத்துக்கும் கணக்கு எழுதிய கைகள், ஒரு பிரிண்டருக்கு எழுதமாட்டாவா?

ஒரு நோட்டு. தேதி, வீடு, பக்கம், காசு. நான்கு பத்தி போதும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெளிக் கடையில் மகளின் படத்தையும் குடும்பத்தின் ஆதார் எண்ணையும் அனுப்பி அச்சடிக்கிறோம். அது அந்தக் கம்ப்யூட்டரில் தங்கிவிடலாம். கடையில் அடிப்பவர்கள், அடித்து முடிந்ததும் "அழிச்சிடுங்கண்ணா" என்று சொல்லி, அழிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரும் கிடைக்கிறது. அது போதும் என்ற இடத்தில் அதையே கொடுக்கலாம். சொந்தத் தெருவில் எந்திரம் இருந்தால் இந்தக் கவலை குறையும்.

"ஜெராக்ஸ் கடைக்காரர் பிழைப்பு என்ன ஆவது?" என்பது நியாயமான கேள்வி. கடை இருக்கும் ஊரில் கடைக்கே போகலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் தீர்ப்பு. கடை இல்லாத ஊருக்குத்தான் கூட்டு எந்திரம்.

முடிவு என்ன?

மாதம் 150 பக்கத்துக்குக் குறைந்தால், கடை.

150-ஐத் தாண்டினால், டேங்க் பிரிண்டர். கறுப்பு பொடி மை, வை-பை, நகல் வசதி மூன்றும் இருக்க வேண்டும்.

சுவரில் மாட்டும் படம் என்றால், ஸ்டூடியோ.

கடை எட்டாத ஊர் என்றால், பத்து வீட்டுக்கு ஒன்று.

3,500 ரூபாய் கார்ட்ரிட்ஜ் எந்திரம்? அது கண்ணுக்கு மலிவு, கைக்குச் செலவு. அதை வாங்கிவைத்த வீடுகளில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பரணில் இருக்கும். மை தீர்ந்த அன்றே அது பரண் ஏறியிருக்கும்.

மகளுக்கு வேண்டியது அலங்காரப் பொருள் அல்ல. தேர்வுக்கு முந்தின இரவு, ஒரு தாள். அது சரியான நேரத்தில் கையில் கிடைத்தால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். மறுநாள் தெளிவாக எழுதுவாள்.

அந்த ஒரு தாளுக்கு வழி செய்ய வேண்டியது குடும்பத்தின் கடமை. அதற்காகக் கடன்பட வேண்டியது இல்லை. கணக்குப் போட்டால் போதும்!